ஈரலை ஆராய்ந்த சுப்பாராவ்

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒருவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவைக்கு இடமில்லை என்றும் டாக்டர் கூறிவிட்டால், வீட்டாருக்கு எழும் கேள்வி ஒன்றுதான். மருந்தை விடாமல் கொடுத்தால் என்ன? ஒரு தடவை கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்து வரச் சொல்கிறார்களே! இந்தக் காத்திருப்பின் காரணத்தை அறிய, சென்னையில் படித்த ஒரு டாக்டரின் கதையைக் கேட்க வேண்டும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கையில் காந்திஜியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கதர் அங்கியுடன் அறுவைக் கூடத்துக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு இது பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்க வேண்டியவருக்கு, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்னும் கடும் வயிற்றுப்போக்கு நோய், சில நாள் இடைவெளியில் அவருடைய சகோதரர் இருவரைக் கொண்டுபோயிற்று. அவரையும் அது பிடித்தது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதி பிழைக்க வைத்தார். பிறகு சுப்பாராவ் கடல் கடந்து பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் கழிவுத் தட்டுக் கழுவிப் பிழைத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். 1925-ல் பிஸ்கேயுடன் அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் அளக்கும் முறை, இரு பெயராலும் வழங்குகிறது.

1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஈரலில் உள்ள சத்தொன்றை அவரது குழு தேடிற்று. 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தும் விட்டது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தாயிற்று. முந்தியே கிடைத்திருந்தால்!

ரத்தப் புற்றுநோய்க்கோ அந்தச் சத்து தீனி போடுவதாக டாக்டர் பார்பருக்குத் தோன்றியது. அதற்கு எதிரான அமினாப்டெரின் என்னும் பொருளைச் சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. 1948-ல் பார்பர் வெளியிட்ட கணக்கில், 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் சில மாதத்தில் நோய் திரும்பியது. மருந்தும் வாயைப் புண்ணாக்கி, எலும்பின் ஊனைக் கெடுத்தது. கொடுப்பது, நிறுத்துவது, உடம்பு தேறியபின் மறுபடி கொடுப்பது என்றுதான் போக வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார்.

அதே குடும்பத்து மருந்தான மெதோட்ரெக்சேட்டை, 1956-ல் அமெரிக்காவில் லீ, ஹெர்ட்ஸ் என்ற டாக்டர்கள் கருப்பைப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இடைவெளி விட்டுக் கொடுத்தார்கள். கட்டிகள் மறைந்தன, சிறுநீரில் நோயின் அடையாளமான ஹார்மோன் மட்டும் நின்றது. அது மறையும் வரை லீ விடாமல் கொடுத்தார். வீணாக மருந்து கொடுக்கிறார் என்று அவருடைய வேலை போயிற்று. அப்படி முழுக்கச் சிகிச்சை பெற்றவர்கள்தாம் மீண்டும் நோய் வராமல் பிழைத்தார்கள்.

ஈரல் கட்டிக்கு இன்று தரும் மருந்து வேறு, கணக்கு இதேதான். கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. நல்ல ஈரலுக்கு வேறொரு பெருங்குழாய் வழியாகவே அதிக ரத்தம் வருகிறது. எனவே தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, தமனியில் மருந்தைவிட்டு அடைக்கிறார்கள். நல்ல பாகமும் சற்று நோகத்தான் செய்யும். நாலாறு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்து, கட்டியில் உயிர் மிச்சமா, மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ உண்டா என்று பார்த்த பிறகே அடுத்த தடவை. அவசரப்பட்டால் கட்டிக்கு முன்பே ஈரல் ஓய்ந்துவிடும். இரு தடவையிலும் கட்டி அசையாவிட்டால் வேறு வழி தேடுவார்கள்.

சென்னைக்கு இரவு பஸ் ஏறுகிறவர்கள் முந்திய ஸ்கேன் படத்தையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மறக்காமல் கொண்டுபோவது நல்லது. டாக்டர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.