சக்கரத்தின் சுமை தாங்கியவர்

சென்ற விடுமுறையில் என் தந்தையின் பழைய வாடகைக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, நட்டை முழுப்பலத்தோடு முடுக்கினேன். சில மைல்களுக்குள் சக்கரக் குடம் கொதித்தது, பேரிங் போயிற்று. தந்தைக்கு இரண்டு நாள் பிழைப்பும் போயிற்று. அந்தக் குற்ற உணர்வோடுதான் ஹென்றி டிம்கனின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1831இல் ஜெர்மனியில் பிறந்த டிம்கன், சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். செயின்ட் லூயிஸ் நகரின் வண்டிப் பட்டறையில் தொழில் பயின்று, குதிரை வண்டிகள் செய்து உயர்ந்தார். வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டிலும் ஒரு விசை தள்ளும். நேர் உருளைகள் அதைத் தாங்கா. கூம்பு உருளைகள் இரண்டு சுமைகளையும் தாங்கும். இவ்வமைப்புக்கு 1898இல், உறவினர் ஹைன்ஸல்மனுடன் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே நிறுவனம் கண்டார். 1909இல் மறைந்தார், மோட்டார் வண்டிகள் அவர் உருளைகளை ஏற்றுக்கொண்டன.

கூம்பாதலால் நட்டை முடுக்க முடுக்க உருளைகள் நெருக்குண்டு சூடேறும். மிகத் தளர்ந்தாலோ சக்கரம் ஆடும். ஆகவே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முடுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, பின் செருக வேண்டும். மயிரிழை இடைவெளி அவசியம்.

புதிய பேரிங்கை மாட்டுகையில் தந்தை இவ்வாறே செய்தார். உராய்வுக்குச் சூத்திரம் எழுதி மதிப்பெண் பெற்ற நான், கல்லூரி வாசல் மிதியாத அவ்விரல்களிடம் அன்று பாடம் கேட்டேன். பட்டறையில் பயின்ற டிம்கனும் என் கண்முன் நின்றார்.