கற்ற கடனைத் தில்லியில் தீர்த்த அண்ணல்



பட்ட மேற்படிப்பு எதற்கு என்று நம்மிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. பிள்ளை சமூகவியல் படித்தால் சோறு கிடைக்குமா என்பது அவர்கள் கவலை. கலாசாலை வாசலை மிதியாது, ஆலைச் சங்கின் ஒலியில் வளர்ந்து, எழுத்தை நாமே கூட்டிப் படித்த நாம் அக்கவலையை இகழ மாட்டோம். எனினும் அதற்கு விடையாக ஒரு வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம். அது பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்க்கை.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மௌ நகரில் பிறந்த அண்ணல், பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பரேல் பகுதியில், ஓர் அறைக் குடியிருப்பில் இருந்து படித்தார். தந்தை ராம்ஜி சுபேதார், மணமாகிச் சென்ற மகளிரின் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தும் மகனுக்குப் புத்தகம் வாங்கித் தந்தவர். 1912இல் மகன் பி.ஏ. தேறினார், 1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 11½ பவுன் உபகாரச் சம்பளம் அளிக்க, அண்ணல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக் கழகம் சேர்ந்தார்.

அங்கே பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாகவும், சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் பயின்று 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள், கோல்டன்வைசர் என்னும் பேராசிரியரின் மானிடவியல் ஆய்வரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிப்பது என்னும் கட்டுப்பாடே சாதியின் உயிர்நாடி என்று அதில் நிறுவினார். அக்கட்டுப்பாட்டைக் காக்கவே உடன்கட்டையும், கைம்பெண் கொடுமையும், குழந்தை மணமும் தோன்றின என்று காரண காரியத்தோடு விளக்கினார். துன்பத்திற்குக் காரணம் உண்டு, காரணம் அறியின் நீக்கமும் உண்டு என்று பகவான் புத்தர் காட்டிய நெறியன்றோ இது! சாதி விதியன்று, மனிதர் செய்த ஏற்பாடு என்று அறிந்தால்தான் அதனை மனிதரே மாற்றலாம் என்ற துணிவு வரும்.

ஆயினும் பட்டம் மட்டும் இழிவைத் துடைக்கவில்லை. கொலம்பியாவில் கற்று, இலண்டனிலும் படிப்பைத் தொடங்கி, 1917இல் பரோடா சமஸ்தானப் பணிக்கு வந்த அவருக்கு அவ்வூரில் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் ஒதுங்கினார். தடியேந்தி வந்த கூட்டம் அங்கிருந்தும் வெளியேற்றியது. ஊர்ப் பூங்காவில் ஒரு மரத்தடியில் அமர்ந்து அவர் கண்ணீர் விட்டார். அவருடைய புத்தகங்களோ, வரும் வழியில் கப்பல் தாக்குண்டதால் கடலில் மூழ்கின. கற்றவன் ஒருவன் தனியே உயர்ந்தால் போதாது, சமூகத்தின் ஏற்பாடே மாற வேண்டும் என்பதை இதைவிடக் கடுமையாக எந்தப் பேராசிரியர் கற்பிக்க முடியும்? அவர் மனம் சோர்ந்தாரல்லர். மீண்டும் இலண்டன் சென்று 1923இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார்.

கற்றதைச் செயலாக்கும் வாய்ப்புத் தில்லியில் வந்தது. 1942 ஜூலையில் அரசப் பிரதிநிதியின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் அமர்ந்தார். அரசாங்கம், முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் கூடிப் பேசும் மகாநாடு அவ்வாண்டே தில்லியில் நடந்தது. 1944இல் தொழிலாளரின் கூலியையும் குடியிருப்பையும் வாழ்நிலையையும் நேரில் ஆராய ரேகே தலைமையில் குழு அமைந்தது. முதலில் விசாரி, பிறகு சட்டம் செய் என்னும் சமூகவியல் மாணவரின் முறை அன்றோ இது! ஆண்டு முழுதும் நடக்கும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரம், 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணி ஆயிற்று. நோயுற்ற தொழிலாளர்க்கான காப்பீடு பற்றி அதார்கர் 1944இல் அறிக்கை தந்தார். அதிலிருந்து 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்து, 1952இல் தில்லியிலும் கான்பூரிலும் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது.

நாம் ஆலையில் இருந்த காலத்தில், காய்ச்சலோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்து வரிசையில் நின்றிருக்கிறோம். அந்த அட்டையின் பின்னே நூலகத்தில் கண் விழித்த ஒரு மாணவர் இருந்தார் என்பதை அந்நாளில் அறியோம். அறிந்தபின் அந்த மருந்துச் சீட்டும் நமக்கு ஒரு பாடமாயிற்று.

தாம் ஏறிய ஏணியை அவர் பிறர்க்கும் வைத்தார். தாழ்த்தப்பட்ட மாணவர் உயர்கல்வி பெற மத்திய சர்க்கார் பொருள் ஒதுக்க வேண்டும் என்று 1942இல் அரசப் பிரதிநிதியிடம் விண்ணப்பம் அளித்தார். 1944இல் உபகாரச் சம்பளத் திட்டம் பிறந்தது. சிலர் கடல் கடந்தும் படிக்கச் சென்றனர். பள்ளியிறுதிக்குப் பின் படிக்கும் நம் பிள்ளைகள் இன்று பெறும் உதவித் தொகைக்கு வேர் அதுவே.

பின்னர் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதால் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். இருபத்தைந்து வயதில் மாணவராய்க் கண்ட உண்மைக்காக அறுபது வயதில் பதவியை விட்டார் என்றால் மிகையாகாது. அதன்பின் தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில் வாழ்ந்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம்மம் தழுவினார். டிசம்பர் 5 இரவிலும் புத்தரும் அவர் தம்மமும் என்ற தம் நூலின் முன்னுரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மறுநாள் விடியுமுன் உறக்கத்திலேயே மறைந்தார்.

அவ்விடம் 2018 முதல் தேசிய நினைவகமாக விளங்குகிறது. அதே வடதில்லியில், காஷ்மீரி கேட் பகுதியில், அவர் பெயர் தாங்கிய பல்கலைக் கழகம் முதுகலையில் சமூகவியல் கற்பிக்கிறது. அங்கும் பிற கலாசாலைகளிலும் சேரும் நம் பிள்ளைகள், பட்டம் எனக்கு என்ன தரும் என்று கேட்பதோடு நில்லாது, என் படிப்பால் யாருடைய வேலைநேரம் குறையும், யாருக்கு மருந்து கிடைக்கும், எந்தக் கதவு திறக்கும் என்றும் கேட்பாராக. பெற்றோரும் சோற்றுக் கவலையோடு இந்தக் கவலையையும் பிள்ளைக்கு ஊட்டுவாராக.

எல்லா உயிர்களும் நலமுடன் வாழ்க.