இரும்பு வளையமும் ஒரு ஷில்லிங்கும்

எலெக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்த யாரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஃபாரடே விதியை ஒப்பித்துவிடுவோம். ஆனால் அந்த மனுஷன் யார் என்று கேட்டால் முழிப்போம். நானும் முழித்தவன்தான். முதலாம் ஆண்டுக் கணக்கில் அரியர் விழுந்து, படிப்பை விட்டுவிட்டு அக்காவோடு பனியன் கம்பெனிக்கே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த லீவில்தான் அவருடைய வாழ்க்கை வரலாறு என் கையில் கிடைத்தது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருவன்தான். என் ஃபீஸ் அக்காவின் சம்பளத்திலிருந்து வருகிறது. அதனாலோ என்னவோ, ஃபாரடே கதையில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அவருடைய அண்ணன்.

மைக்கேல் ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்துவிடுவார். 1801-இல் தானிய விலை ஏறியபோது, ஒரு ரொட்டியைக் கொடுத்து ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள் என்ற நிலைமை. பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கவும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் கற்றதோடு சரி. 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. வாடகைக்குக் கொடுத்த செய்தித்தாளை ஒரு வீட்டில் வாங்கி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அடுத்த வருடமே ஏழு வருட ஒப்பந்தத்தில் பைண்டிங் கற்கச் சேர்ந்தார். பையன் ஒழுங்கானவன் என்பதால் முதலாளி பயிற்சிப் பணம் வாங்கவில்லை.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைப்பதோடு விடாமல் படித்தும் பார்த்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அப்படித்தான் அவரிடம் மாட்டியது. 1810-இல் டாட்டம் என்பவர் தம் வீட்டில் மாலை வேளைகளில் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒரு தடவைக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தம்பியிடம் ஏது காசு? இரும்பு வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் ராபர்ட்தான் கொடுத்தார். அவரும் அந்தக் குடும்பத்து ரொட்டிக்குச் சம்பாதித்தவர்தான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே கிடைத்த நண்பர்களில் ஒருவர் பெஞ்சமின் அபட். நன்றாகப் படித்தவர். தன் எழுத்தில் பிழை இருக்கிறது என்று தெரிந்த ஃபாரடே, அதைத் திருத்திக்கொள்ளவே அபட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ஹாஸ்டலில் இங்கிலீஷ் பேச வெட்கப்படும் நம்மில் பலர் இதைக் கவனிக்கலாம்.

1812-இல் கடைக்கு வந்த டான்ஸ் என்ற வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி பேசிய நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். அதற்கு முன்பு ராயல் சொசைட்டித் தலைவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. டேவி கூப்பிட்டுப் பார்த்தார். ஆனால் கைத்தொழிலை விட்டுவிடாதே என்றுதான் புத்தி சொன்னார். பிறகு அங்கே இருந்த உதவியாள் சண்டை போட்டு வேலை போனதால் இடம் காலியானது. 1813 மார்ச் முதல் தேதி ஃபாரடே வேலையில் சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை. யாருடைய சண்டையோ நமக்கு வேலை வாங்கித் தரும் என்று காத்திருக்க முடியாதுதான். ஆனால் இடம் காலியானபோது டேவிக்கு இந்தப் பையன் ஞாபகம் வந்ததற்குக் காரணம் அந்த பைண்ட் செய்த நோட்டு.

இனிதான் நம் பாடம். மின்னோட்டம் காந்த விளைவைத் தரும் என்று ஆர்ஸ்டெட் 1820-இல் காட்டிவிட்டார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வராதா? ஃபாரடே 1824-இல் முயன்றார், ஒன்றுமில்லை. 1825-இல் ஒன்றுமில்லை. 1828-இலும் ஒன்றுமில்லை. நடுவில் ராயல் சொசைட்டிக்காகத் தொலைநோக்கிக் கண்ணாடி காய்ச்சும் வேலை அவர் தலையில் விழுந்து வருஷக்கணக்கில் நேரத்தைத் தின்றது. நம் ரெக்கார்டு நோட்டில் ரீடிங் சரியாக வராவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிவிடுவோம் (மறுக்காதீர்கள்!). அவர் பலன் இல்லை என்றால் இல்லை என்றே எழுதிவைத்தார். பின்னாளில் எண் போட்டு எழுதிய பத்திகளே 16,000-க்கு மேல்.

1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல வெளிவிட்டமுள்ள தேனிரும்பு வளையம். ஒரு பாதியில் ஒரு சுற்று, மறுபாதியில் இன்னொரு சுற்று. நமக்குக் கிடைப்பதுபோல எனாமல் கம்பியெல்லாம் கிடையாது. செம்புக் கம்பியின் சுற்றுகளுக்கு நடுவே கயிறு, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே காலிகோ துணி, அதுதான் இன்சுலேஷன். பைண்டிங் மேசையில் வளர்ந்த கைக்கு நூலும் துணியும் புதிதா என்ன! ஒரு பக்கம் பாட்டரியை இணைத்ததும் மறுபக்கம் இருந்த காந்த ஊசி ஆடியது, ஆடிவிட்டுப் பழைய இடத்தில் நின்றது. இணைப்பை எடுத்ததும் மறுபடி ஆடியது. நடுவில் மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது அசைவே இல்லை. மாறுகிற அந்த நொடியில்தான் விஷயம் இருக்கிறது. அக்டோபர் 17-இல் காயிலுக்குள் காந்தத்தை நுழைத்துப் பார்த்தார். 28-இல் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். ஜெனரேட்டரின் கதை அங்கே ஆரம்பம்.

பிறகு அவருக்கு மறதியும் தலைசுற்றலும் வந்து 1840 வாக்கில் ஆராய்ச்சி ஏறக்குறைய நின்றே போனது. 1845-இல் திரும்பி வந்தார். காந்தத்தால் ஒளியின் தளம் திரும்பும் என்று அந்த வருடம் காட்ட அவருக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? முன்பு நேரத்தைத் தின்ற அதே கண்ணாடி வேலையில் செய்து வைத்திருந்த கனத்த கண்ணாடித் துண்டு.

கணக்கு அவருக்கு வராது. அவருடைய விசைக்கோடுகளை 1855 முதல் கணிதமாக்கியவர் மேக்ஸ்வெல். இதைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. ஆனால் என் அரியர் பேப்பரை எழுதித் தர எந்த மேக்ஸ்வெல் வருவார்? எக்ஸாம் ஃபீஸுக்கு அக்காவிடம்தான் கேட்டேன். ஏன் ஃபெயிலானாய் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தது.

ஃபாரடே 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். வளையம் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கிறது. படத்தில் பார்த்தேன். துணி பழுப்பேறி, சுற்று கோணல்மாணலாக இருக்கிறது. போன மாதம் நான் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் காயிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. லேப் சார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரித்து மறுபடி சுற்றச் சொன்னார். சுற்றிக்கொண்டிருக்கிறேன்.