நீரை ஒளியாக்கிய விமலசுரேந்திரர்

துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் பேரொலியைக் கேட்டு வளர்ந்தவர் நம்முட் பலர். கொஸ்லாந்தைக்கு அண்மையில் தியலும வீழ்ச்சியை அண்ணாந்து நோக்கி வியந்தோரும் பலராவர். அவற்றின் அழகிலே ஈடுபட்ட நாம், வீழும் நீரின் வலியைக் கணக்கிட்டுப் பார்த்தோமில்லை. அவ்வாறு கணக்கிட்டு இலங்கைக்கு ஒளிவழி காட்டிய பெரியார் தேவபுர ஜயசேன விமலசுரேந்திரர் ஆவார்.

அன்னார் 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் காலியிலே பிறந்தார். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்று, அரசாங்க மராமத்துப் பகுதியிற் சேர்ந்தார். இங்கிலாந்து சென்று மின்பொறியியலையும் கற்றுத் தேர்ந்தார். மலைநாட்டிலே கடமையாற்றிய காலத்தில், மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையினின்று விரைந்திறங்கும் வேகம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நுவரெலியாவுக்கு அண்மையில், பிளக்பூல் என்னுமிடத்திற் சிறியதொரு நீர்மின் நிலையம் அமைத்து, தம் எண்ணம் வெறுங்கனவன்று என்பதைக் காட்டினார்.

1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னே அவர் படித்த கட்டுரை, நாட்டின் நீர்வலி முழுவதையும் ஆராய்ந்தது. பிறநாட்டு நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் பொருளைச் செலவிடும் நாடு தன் ஆறுகளைப் பயன்படுத்தவேண்டும் என்பதே அதன் கருத்து. ஆட்சியாளர் அதனை விரைந்து ஏற்றாரல்லர். 1924இல் லக்ஷபான வேலை தொடங்கிற்று. சில ஆண்டுகளில் நின்றும் போயிற்று. விமலசுரேந்திரர் மனந்தளர்ந்தாரல்லர். பதவியினின்று ஓய்வுபெற்றபின், 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதனையே வற்புறுத்தினார். 1950இல் லக்ஷபான நிலையம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கியது. கட்டுரை படித்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. தம் கனவு நனவானதைக் கண்ட அப்பெரியார், 1953 ஓகஸ்ட் 10ஆம் நாள் மறைந்தார். நோட்டன் பிரிட்ஜில் 1965இல் எழுந்த மின்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவருடைய பணி பழங்கதையன்று. மின்சாரம் ஆக்கப்படும் அளவும் செலவாகும் அளவும் ஒவ்வொரு கணமும் ஒத்திருத்தல் வேண்டும். அவை ஒத்திருந்தால், மின்னோட்டத்தின் மீடிறன் செக்கனுக்கு 50 என்ற அளவில் நிற்கும். தேவை திடீரென மிகுந்தால் பிறப்பாக்கிகளின் வேகம் தளரும். அப்போது சுழலும் பாரிய சக்கரங்களின் சடத்துவம் சிறிது நேரம் தாங்கிக்கொள்ள, நீர்வாயில் தானே அகலத் திறந்து வேகத்தை மீட்கும். சூரியக் கலங்களில் அத்தகைய சுழற்சியில்லை. முகிலொன்று மறைப்பினும் அவற்றின் வலு குன்றும்.

2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்றால் விளைந்த பழுது, நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்திற்று. விடுமுறை நாளாதலின் தேவை குறைந்திருந்தது. சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தது. அதிர்ச்சியைத் தாங்கும் சடத்துவம் போதவில்லை. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைமேற் கலங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. இதனாற் சூரியன் வேண்டாமென்பது பொருளன்று. சூரியனும் காற்றும் பெருகப் பெருக, அவற்றின் ஏற்றத்தாழ்வை ஈடுசெய்ய நீரின் துணையும் மின்கலத் தொகுதிகளின் துணையும் மேலும் வேண்டப்படும்.

நம் ஊவாவும் இப்பணியிற் பங்கேற்றுள்ளது. 2024இல் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் 120 மெகாவாற்று வலுவுடையது. ஆயின், அதன் சுரங்கம் தோண்டப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. தேயிலைத் தொழிற்சாலையும் துரையின் பங்களாவும் மின்னொளி பெற்ற காலத்தில், லயன் அறைகளிற் குப்பி விளக்கே எரிந்ததை நம் பெற்றோர் அறிவர். ஒளியின் பயன் ஒருசாரார்க்கும் அதன் இழப்பு மற்றொரு சாரார்க்கும் ஆகுமாயின், அது நல்ல பொறியியலாகாது.

இளமாணவர்காள்! விமலசுரேந்திரர் மலையருவியை நோக்கிக் கணக்கிட்டார். கணக்கு சரியென்று கண்டபின் முப்பது ஆண்டுகள் பொறுத்துப் போராடினார். நாளைய மின்வலையைச் சீராகக் காக்கும் பொறியியலாளர் நம் தோட்டத்துப் பிள்ளைகளினின்றும் தோன்றுதல் வேண்டும். அவருக்கு நாம் எடுக்கத்தக்க சிறந்த விழா அதுவேயாகும்.