மூச்சை அளந்த ஹால்டேன்



பட்டாசு ஆலை விபத்து என்றால் நம் விருதுநகர், சிவகாசி மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தீக்காயம்தான். ஆனால் தீ மேலே படாமலே புகை ஆளைக் கொன்றுவிடும். இதைச் சோதனை செய்து நிறுவியவர்களில் முக்கியமானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமான விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேனின் தந்தை இவர்.

1860இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அங்கேயே 1884இல் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தார். மனிதர் சுவாசிக்கும் காற்றே அவருடைய வாழ்நாள் பாடம்.

1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் இறந்தார்கள். ஹால்டேன் நேரில் போய் உடல்களைப் பரிசோதித்தார். பெரும்பாலோரைக் கொன்றது வெடியின் அதிர்ச்சி அல்ல, அதன் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்று கண்டார். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் விளைவை அறிய அவர் தாமே அதைச் சுவாசித்து, உடலில் நடந்ததைக் குறித்து வைத்தார். சுரங்கத்துக்குள் சிறு பறவையைக் கொண்டுபோகும் யோசனையும் அவருடையதே. மனிதர் மயங்குவதற்கு முன்பே பறவை சோர்ந்துவிடும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் இந்த வழக்கம் 1986 வரை இருந்தது.

1915இல் போர்முனையில் குளோரின் வாயு வீசப்பட்டபோது, அரசு அவரைப் பிரான்சுக்கு அனுப்பியது. நுரையீரல் வெந்து நீர் கோத்த வீரர்களை அங்கே பார்த்தார். ஆக்சிஜனை அவ்வப்போது கொஞ்சம் காட்டிவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. முகமூடி வழியாக, அளந்து, விடாமல் தரவேண்டும் என்று 1917இல் எழுதினார். அதற்கான கருவியையும் வடிவமைத்தார்.

அளவு ஏன் முக்கியம்? அவரோடு முன்பு பணியாற்றிய லோரைன் ஸ்மித், மிகையான ஆக்சிஜன் நுரையீரலையே புண்ணாக்கும் என்று 1899இல் காட்டியிருந்தார். ஹால்டேன் 1936 மார்ச்சில் காலமானார்.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் நடப்பதும் இதே அளவுக் கணக்குதான். புகையால் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் முழு ஆக்சிஜன் தருகிறார்கள். வாயு ரத்தத்தை விட்டு நீங்கியதும் தேவைக்கேற்பக் குறைக்கிறார்கள். நுரையீரல் கடுமையாகக் கெட்டு வென்டிலேட்டர் வைத்தால், காற்றின் அளவையும் கவனிக்கவேண்டும். அதிகம் ஊதினால் நல்ல பகுதியும் கிழியும். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 12 மில்லி என்றிருந்த மூச்சளவை 6 மில்லியாகக் குறைத்தார்கள். இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது.

நமக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு. ஒன்று, விபத்து நடந்த இடத்துக்கு வேடிக்கை பார்க்கவோ, பாதுகாப்பின்றி உதவவோ ஓடக்கூடாது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் இறந்தவர்களில், பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு, புகையில் சிக்கியவருக்குக் காயமே இல்லாவிட்டாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எவ்வளவு நேரம் புகைக்குள் இருந்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தம் என்றே காட்டக்கூடும்.