தீயில் கருகிய இடது கை... இரண்டே விரல்களில் கிட்டார் வாசித்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் யார்?

கிட்டார் கத்துக்க ஆரம்பிக்கிற பலரும் முதல் மாதத்திலேயே சொல்ற புகார் ஒன்று உண்டு. விரல் எட்டவில்லை, சுண்டு விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்பதுதான் அது. கம்பிகளை அழுத்த இடது கையின் நான்கு விரல்களும் தேவை. அதில் இரண்டு விரல்கள் மடங்கிப்போய், நிமிரவே முடியாத நிலையில் ஒருவர் கிட்டார் வாசித்தார். வாசித்தது மட்டுமில்லை, ஐரோப்பாவின் மிகப்பெரிய ஜாஸ் கலைஞராகவும் ஆனார். அவர்தான் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்.

யார் இவர்?

1910 ஜனவரி 23 அன்று பெல்ஜியத்தின் லிபெர்ஷி கிராமத்தில், ஊர் ஊராக வண்டியில் போய்க்கொண்டிருந்த ஒரு ரோமா குடும்பத்தில் பிறந்தவர். ஜிப்சிகள் என்று உலகம் அழைக்கும் இந்த மக்களின் மொழி வட இந்தியாவில் இருந்து வந்தது என்பது மொழியியலாளர்கள் உறுதிசெய்த விஷயம். அவருடைய சிறுவயது பாரிஸ் நகருக்கு வெளியே, வண்டி வீடுகள் நிற்கும் முகாம்களில் கழிந்தது. பள்ளிக்கூடம் பக்கம் பெரிதாகப் போகவில்லை, எழுதப் படிக்கவும் சரியாகத் தெரியாது. இசைக் குறிப்புகளைப் படிக்க கடைசி வரை அவர் கற்கவில்லை.

12 வயதில் பாஞ்சோ-கிட்டார் ஒன்று கையில் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாரிஸ் நடன அரங்குகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தார். 18 வயதில் முதல் இசைத்தட்டு வெளியானது. அதில் அவர் பெயரையே தப்பாக அச்சடித்திருந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனின் பிரபல இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் அவரை வேலைக்குக் கூப்பிட்டார். அந்த வேலைக்குப் போவதற்குள் எல்லாம் மாறிப்போனது.

1928 நவம்பர் 2: என்ன நடந்தது?

ஜாங்கோவின் மனைவி பெல்லா செயற்கைப் பூக்கள் செய்து விற்று வந்தார். செல்லுலாய்டு, காகிதம் இரண்டாலும் ஆன பூக்கள். செல்லுலாய்டு எவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கும் என்பது பழைய சினிமா ஃபிலிம் சுருளைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சி முடிந்து இரவில் ஜாங்கோ வண்டிக்குத் திரும்பிய பிறகு, ஒரு மெழுகுவத்தியின் நெருப்பு அந்தப் பூக்களில் பட்டது. நொடியில் வண்டி முழுக்கத் தீ. மனைவியோடு உயிர் தப்பினார். ஆனால் வலது காலிலும் இடது கையிலும் பயங்கரக் காயம்.

காலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். கால் பிழைத்தது. கைதான் பிரச்சினை. மோதிர விரல், சுண்டு விரல் இரண்டின் நரம்பும் தசைநாரும் சேதமாகி, அவை கொக்கி மாதிரி வளைந்தே நின்றுவிட்டன. குணமாக சுமார் ஒன்றரை ஆண்டு ஆனது. அந்தச் சமயத்தில் தம்பி ஜோசஃப் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு விரலில் எப்படி வாசித்தார்?

மற்றவர்கள் நான்கு விரலை வைத்து, கையை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு, கம்பி விட்டுக் கம்பி தாவி வாசிப்பார்கள். ஜாங்கோவால் அது முடியாது. அதனால் சுட்டு விரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்து, கிட்டாரின் கழுத்து நீளத்துக்கு மேலும் கீழுமாக ஓட ஆரம்பித்தார். ஒரே விரலை வேகமாகச் சறுக்கிக்கொண்டு போய், வரிசையான எல்லா சுரங்களையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார். இன்று ஜிப்சி ஜாஸ் வாசிக்கிற, பத்து விரலும் நன்றாக இருப்பவர்களும் இதே வழியைப் பழகுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இங்கே ஒரு திருத்தம். வெறும் இரண்டு விரல் என்று எல்லோரும் சொல்வது முழு உண்மை இல்லை. தனி வாசிப்புக்குத்தான் இரண்டு விரல். கார்டு பிடிக்கும்போது, வளைந்துபோன அந்த இரண்டு விரல்களையும் மெல்லிய கம்பிகள் மேல் அப்படியே அழுத்திப் பயன்படுத்தினார். தடித்த கம்பிகளுக்குக் கட்டை விரலை மேலிருந்து கொண்டுவந்தார்.

கிட்டார் தேர்வில் என்ன விசேஷம்?

1931-ல் தூலோன் நகரில் ஓர் ஓவியர் வீட்டில் லூயி ஆம்ஸ்ட்ராங் இசைத்தட்டுகளைக் கேட்டார் ஜாங்கோ. அதோடு மனம் ஜாஸ் பக்கம் போய்விட்டது. 1934-ல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிரப்பெலியோடு சேர்ந்து பாரிஸில் ஒரு ஐவர் குழு உருவானது. மூன்று கிட்டார், ஒரு வயலின், ஒரு டபுள் பேஸ். டிரம்ஸ் கிடையாது, டிரம்பெட் கிடையாது. ஜாஸ் என்றாலே அந்த இரண்டும்தான் என்று நினைத்த காலம் அது. தாளத்தை கிட்டார்காரர்களின் வலது கையே பார்த்துக்கொண்டது.

சரி, மூன்று கிட்டார் எதற்கு? கிரப்பெலி தனியாக வாசிக்கும்போது பின்னால் இரண்டு கிட்டார் இருக்கு, நான் வாசிக்கும்போது ஒன்றுதானே இருக்கு என்று ஜாங்கோ குறைபட்டதால் மூன்றாவது சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

அவர் பிடித்துக்கொண்டது செல்மர் கிட்டார். இத்தாலியக் கிட்டார் கலைஞர் மரியோ மக்காஃபெரி வடிவமைத்து, பாரிஸின் செல்மர் நிறுவனம் 1932 முதல் தயாரித்தது. முதலில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் பெரிய வாய், பிறகு சின்ன முட்டை வடிவ வாய். இரும்புக் கம்பிகள் மாண்டலினில் இருப்பதுபோல் பாலத்தைத் தாண்டி உடலின் கடைசியில் போய்க் கட்டப்பட்டிருக்கும். இதனால் சத்தம் கூர்மையாக, முன்னால் பாய்ந்து வரும். ஆம்ப்ளிஃபயர் இல்லாத அரங்கில், பின்னால் இரண்டு கிட்டார் அடித்துக்கொண்டிருக்கும்போது தனி வாசிப்பு கேட்க வேண்டும் என்றால் இந்தக் குணம் வேண்டும். ஜாங்கோவின் தேர்வு அழகுக்காக இல்லை, தேவைக்காக.

ஆனால் முதல் கிட்டார் வாங்குகிறவர்கள் ஜாங்கோவைக் கேட்டுவிட்டு இந்த ரகத்தைத் தேடிப் போக வேண்டாம். கம்பி இறுக்கம் அதிகம், தடிமனான பிக் வேண்டும், பாட்டுக்குப் பக்கவாத்தியமாக மென்மையாக வாசிக்க இது தோதுப்படாது. விரல் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விசித்திரம்: கிட்டாரை வடிவமைத்த மக்காஃபெரியும் 1933-ல் நீச்சல் குள விபத்தில் கை அடிபட்டு, கச்சேரி வாழ்க்கையை இழந்தார். பிற்காலத்தில் அமெரிக்கா போய் பிளாஸ்டிக் யுகலேலிகள் செய்து விற்றார்.

போர்க்காலத்தில் எப்படித் தப்பினார்?

1939 செப்டம்பரில் போர் அறிவிக்கப்பட்டபோது குழு லண்டனில் இருந்தது. கிரப்பெலி அங்கேயே தங்கிவிட்டார், ஜாங்கோ பாரிஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு பாரிஸ் நாஜிகள் கையில். ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கான ரோமா மக்கள் கொல்லப்பட்ட காலம் அது. அதே நேரத்தில் ஜாங்கோ பாரிஸில் உச்ச நட்சத்திரம். 1940-ல் பதிவான ‘நுவாஜ்’, அதாவது ‘மேகங்கள்’, ஊரெல்லாம் ஒலித்தது.

புகழ் எத்தனை நாள் காப்பாற்றும் என்று அவருக்கே தெரியாது. 1943-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்று எல்லையில் பிடிபட்டார். அவரை விடுவித்த ஜெர்மன் அதிகாரி ஒரு ஜாஸ் ரசிகர் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மறுபடியும் முயன்றார். இந்த முறை சுவிட்சர்லாந்தே திருப்பி அனுப்பியது.

அமெரிக்காவில் ஏன் சறுக்கினார்?

1946-ல் டியூக் எலிங்டன் அழைப்பில் அமெரிக்கா போனார், கையில் கிட்டாரே இல்லாமல். அங்கே கிட்டார் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கொடுக்கும் என்று நம்பினாராம். யாரும் வரவில்லை. பழக்கமில்லாத ஒரு கிப்சன் எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்க வேண்டியதாயிற்று. நியூயார்க் கார்னகி ஹாலில் இரண்டாவது நாள் நிகழ்ச்சிக்குத் தாமதமாக வந்து சேர்ந்தார். பத்திரிகைகள் சும்மா விடவில்லை.

ஆனாலும் எலெக்ட்ரிக்கை அவர் வெறுக்கவில்லை. தன் செல்மரிலேயே பிக்கப் பொருத்தி, புதிய பாணி ஜாஸ் வாசிக்க ஆரம்பித்தார். 1951 முதல் சாமுவா-சுர்-சேன் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் மீன் பிடித்தல், ஓவியம் என்று வாழ்ந்தார். 1953 ஏப்ரலில் கடைசி ஒலிப்பதிவு. மே 16 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 43.

1960-களில் பிரிட்டனில் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தில் விரல் நுனிகளை இழந்த இளைஞர், இனி கிட்டார் அவ்வளவுதான் என்று முடங்கிக் கிடந்தார். தொழிற்சாலை மேலாளர் அவருக்கு ஜாங்கோவின் இசைத்தட்டைப் போட்டுக்காட்டினார். அந்த இளைஞர் பிளாக் சப்பாத் குழுவின் டோனி ஐயோமி. ஜாங்கோவின் 503-ம் எண் செல்மர் கிட்டாரை அவரது இரண்டாவது மனைவி நாகின் நன்கொடையாகக் கொடுத்தார். அது இப்போது பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.