செலீனியம் கண்ட பேர்சீலியசு

ஓமந்தை மாணவரும் ஆவர்த்தன அட்டவணையிற் காணும் செலீனியத்தை உலகுக்கு அளித்தவர் யோன்சு யாக்கோபு பேர்சீலியசு. 1779இல் சுவீடனிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மருத்துவங் கற்று, இரசாயன மேதையானார்.

1817இல், தாம் பங்குகொண்டிருந்த கிறிப்சோம் கந்தக அமிலத் தொழிற்சாலையிற் செந்நிறப் படிவொன்றை யோகான் கானுடன் ஆராய்ந்தார். தெலூரியம் என்றே முதலில் எண்ணினார். ஐயம் விடவில்லை, மீண்டும் ஆராய்ந்து புதிய மூலகங் கண்டார். தெலூரியம் பூமியின் பெயரைத் தாங்கியதால், இதற்குச் சந்திரன் பெயரைச் சூட்டினார். அதன் ஐதரசன் சேர்வையை முகர்ந்து தாமே அல்லலுற்றும் ஆய்வைக் கைவிட்டிலர். 1848இல் மறைந்தார்.

பஞ்சாபின் ஓசியார்ப்பூர்ப் பகுதியிற் செலீனியம் மிகுந்த வயல்களின் தீவனம் கால்நடைகளை வருத்தியது. மண்வாழ் பற்றீரியங்கள் சிலவோ, நீரிற் கரையும் செலினைற்றுக்கு இலத்திரன்களை ஈந்து, கரையாத நானோ துணிக்கைகளாக்கி நஞ்சை அடக்குகின்றன. வியப்பென்னவெனில், அத்துணிக்கைகளின் நிறமும் செம்மையே.